செங்கல் கனத்தில் ஒரு கேமரா

"இருட்டுல பாடுற ஆள போட்டோ புடிக்கணும் பாய். பளிச்சுனு வெளிச்சம் அடிக்கக் கூடாது. அடிச்சா மாட்டிக்குவேன்."

தி. நகரில் ஜவுளிக்கடைகளின் முதுகுப்பக்கமாக ஓடும் சந்து ஒன்றில் அப்துல் வஹீத் கடை வைத்திருந்தார். பழைய கேமராக்களை ரிப்பேர் செய்வார், வாடகைக்கும் விடுவார். கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். எதிரே சுப்பம்மா நின்றாள். பக்கத்துத் தெருவில் எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தில் சித்தாள் வேலை முடிந்து நேரே வந்திருந்தாள். தலையில் சும்மாடு அழுந்திய பள்ளம் இன்னும் போகவில்லை. முழங்கை வரைக்கும் சிமெண்ட் வெளுப்பு.

"திருட்டு வேலையாம்மா?"

"திருட்டப் புடிக்கிற வேல பாய்."

"யாரு பாடுறது?"

"எங்க ஊட்டுக்காரரு."

"ஊட்டுக்காரர போட்டோ புடிக்க இன்னாத்துக்கு இருட்டு? வெயில்ல நிக்க வெச்சிப் புடி."

"வெயில்ல நின்னா அவரு செங்கல்லு தான் தூக்குவாரு. இருட்டுல குந்தினா தான் பாட்டு வரும்."

வஹீத் ஸ்டூலை இழுத்துப் போட்டார். இப்படி ஒரு கேஸ் அவருக்கு வந்ததில்லை. சுப்பம்மா உட்காரவில்லை. உட்கார்ந்தால் இடுப்பு மறுபடி எழ விடாது என்று நின்றுகொண்டே சொன்னாள்.

அவள் புருஷன் தங்கவேல், பகலில் அவள் கூடவே கட்டட வேலை செய்பவன். சாயங்காலம் கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா என்று பாடப் போகும் தேன்துளி ஆர்க்கெஸ்ட்ராவில் ஸ்பீக்கர் பெட்டி தூக்குவான். ஒரு தடவை புரோகிராம் முடிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டே, தனக்குத்தானே பொம்பளைக் குரலில் ஒரு பாட்டை எடுத்து விட்டிருக்கிறான். ஆர்க்கெஸ்ட்ரா முதலாளி வெள்ளைச்சாமி, "எந்தப் பொண்ணுய்யா அது?" என்று மேடைக்கு அடியில் குனிந்து தேடினாராம். பெட்டி தூக்குகிறவன்தான் என்று தெரிந்ததும் அவருக்கு வாயெல்லாம் பல். ஏனென்றால் அவர் குழுவில் பாடும் மாளவிகா, அவருடைய அக்கா மகள். பார்க்க லட்சணமாக இருப்பாள், மைக்கை ஸ்டைலாகப் பிடிப்பாள், கீழ்க்கட்டையில் சுமாராகப் பாடவும் செய்வாள். மேலே ஏற வேண்டிய இடம் வந்தால் தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி ஆகிவிடும்.

அன்றிலிருந்து ஏற்பாடு இதுதான். மேடை ஓரத்தில் ஆள் உயரத்துக்கு அடுக்கிய ஸ்பீக்கர் பெட்டிகளுக்குப் பின்னால், கறுப்புத் துணிக்குள், ஒரு மைக்கோடு தங்கவேல் குந்தியிருப்பான். மாளவிகா வெளிச்சத்தில் நின்று வாயசைப்பாள். போஸ்டரில் மாளவிகா முகம். கைத்தட்டலும் மாளவிகாவுக்கு. "அடுத்த புரோகிராம்ல உன்ன மேடையில ஏத்திடறேன் தங்கவேலு" என்று வெள்ளைச்சாமி சொல்லாத மாதமில்லை.

"உங்க ஊட்டுக்காரரு இன்னா சொல்றாரு?" என்று வஹீத் கேட்டார்.

சுப்பம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவருக்குக் கைத்தட்டல்லாம் வேணாம் பாய். பாடுறப்ப கூட்டத்தோட மூஞ்சி எப்பிடி இருக்கும்னு ஒரு தபா பாக்கணுமாம். இத்தினி நாளா அவரு பாத்ததெல்லாம் அந்தப் பொட்டியோட முதுகு தான்."

அவள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அடையாற்றங்கரைக் குடிசைகளுக்குத் தண்ணீர் லாரி வரும்போது, குடத்தை வைத்துக்கொண்டு நிற்கிற இடத்தில், "ரேடியோவுல பாடுற மாதிரி அந்தப் பொண்ணு பாடுச்சே, அது எங்க ஊட்டுக்காரரு கொரலு" என்று ஒருநாள் அவள் வாயை விட்டுவிட்டாள். பக்கத்துக் குடிசை தமிழ்மொழி சிரித்த சிரிப்பில் இடுப்புக் குடம் நழுவி அடுத்தவள் காலில் விழுந்தது. "அப்ப உன் ஊட்ல சேல கட்டறது யாருடி?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் சுப்பம்மா முடிவு கட்டினாள்.

"அதெல்லாம் சரி" என்றார் வஹீத். "போட்டோவுல சத்தம் கேக்காதேம்மா?"

"அந்தப் பொண்ணு வாயை மூடிக்கினு இருக்கணும். இவரு வாயைத் தொறந்துக்கினு இருக்கணும். ரெண்டும் ஒரே படத்துல. பாத்தாலே கேக்கும்."

வஹீத் தாடியைச் சொறிந்தார். பிறகு எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார்.

முதலில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கேமராவை வைத்தார். "இது சுளுவு. பட்டன் அமுத்துனா போதும். ஆனா இருட்டக் கண்டா இதுவே பிளாஷ் அடிச்சிரும். வேணாம்னா கேக்காது."

"சொன்ன பேச்சு கேக்காதது எங்க ஊட்லயே ஒண்ணு கீது. எடுத்து உள்ள வைய்யி."

அடுத்தது ஜப்பான்காரன் செய்தது. கைக்கு அடக்கமாக, வெள்ளிக் கொலுசு மாதிரி பளபளத்தது. வஹீத் அதைச் சுப்பம்மாவின் காதுக்குப் பக்கத்தில் வைத்து அமுக்கினார். ஒரு சத்தமும் இல்லை.

"அமுத்துனியா பாய்?"

"அமுத்தியாச்சு. பூனை மாதிரி. சபா கச்சேரிக்குப் போட்டோ எடுக்கறவங்க இத்த தான் கேட்டு வருவாங்க. அங்க பிளாஷும் கூடாது, சத்தமும் கூடாது. பாடகர் கண்ண மூடி உருகற நேரத்துல கேமரா கடக்குனு கத்துச்சுன்னா, பக்கத்து சீட்டு மாமி எழுப்பி வெளிய அனுப்பிருவாங்க."

"எங்க கச்சேரில ஸ்பீக்கர் பொட்டி பக்கத்துல நின்னா, கேமரா இன்னா, மாடியே இடிஞ்சி வுழுந்தாலும் தெரியாது" என்றாள் சுப்பம்மா. கையில் வாங்கிப் பார்த்தாள். அவள் கைக்கு அது தீப்பெட்டியாக இருந்தது. விரல்கள் எங்கே பிடிப்பது என்று தெரியாமல் தடுமாறின. "இது பொம்ம. இத்தப் புடிச்சா எனக்குக் கை ஆடுது."

மூன்றாவதை வஹீத் எடுக்கத் தயங்கினார். மேல்தட்டில் தூசியோடு கிடந்தது. ரஷ்யாக்காரன் கேமரா. தோல் உறை கிழிந்திருந்தது. அமுக்கிக் காட்டினார். இரும்புக் கதவை யாரோ அறைந்து சாத்தின மாதிரி ஒரு சத்தம். தெருவில் போன நாய் திரும்பிப் பார்த்தது.

"கனமும் ஜாஸ்தி, கத்தலும் ஜாஸ்தி. ஆனா லென்ஸு நல்லா பெருசா கண்ணத் தொறக்கும். இருட்டுக்கு அது தான் முக்கியம்" என்றார்.

சுப்பம்மா அதை வாங்கினாள். வாங்கியதும் அவள் முகம் மாறிவிட்டது. ஒரு தடவை மேலும் கீழும் தூக்கிப் பார்த்தாள். செங்கல் கனம். காலையிலிருந்து அந்தக் கை பிடித்துக்கொண்டிருந்த கனம் அதுதான்.

"இத்தக் குடு பாய். இது கையில குந்துது."

வஹீத்துக்குச் சிரிப்பு வந்தது. கேமராவை விலை பார்த்து வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறார், பேர் பார்த்து வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறார். நிறுத்துப் பார்த்து வாங்குகிற ஆள் இவள்தான். கண்ணில் வைத்து ஒரு தரம் அமுக்கச் சொன்னார். சுப்பம்மா கேமராவைக் கண்ணில் வைத்தாள், பல்லைக் கடித்தாள், இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு அமுக்கினாள்.

"அரே, கேமராவுக்குத் தான் ஒரு கண்ணு. நீ ரெண்டையும் மூடிட்டா யாரும்மா பாக்கறது?"

"சத்தத்துக்குப் பயந்து தானா மூடிக்குது பாய். பழகிரும்."

கறுப்பு வெள்ளை பிலிம் போட்டுக் கொடுத்தார். இருட்டுக்கென்றே செய்த பிலிம், கழுவும்போது இன்னும் கொஞ்ச நேரம் கூட ஊறவைத்தால் இருட்டுக்குள் இருக்கிற முகமும் எழும்பி வரும் என்றார். லென்ஸைத் திருகி ஓர் இடத்தில் நிறுத்தி, அது நகராமல் பிளாஸ்திரி ஒட்டினார். அப்புறம் ஒரு பேஜாரைச் சொன்னார்.

"கண்ணு பெருசாத் தொறந்தா ஒரே ஒரு தூரத்துல இருக்கறது தான் தெளிவா வுழும். அதுக்கு முன்னால பின்னால இருக்கறதெல்லாம் பஞ்சு மாதிரி ஆயிரும். உனக்கு யாரு தெளிவா வேணும்? ஊட்டுக்காரரா, அந்தப் பொண்ணா?"

"ரெண்டு பேரும்."

"அப்ப ரெண்டு பேரும் உன்கிட்டயிருந்து ஒரே தூரத்துல இருக்கற மாதிரி நீ ஒரு எடம் புடிக்கணும்." ஒரு நூல்கண்டை எடுத்து அளந்து வெட்டிக் கொடுத்தார். "இந்த நூலு எங்க போய் முட்டுதோ, அங்க அவங்க நிக்கணும். அவ்ளோ தான்."

வாடகை பேசும்போது, தங்கவேல் ஒருநாள் கடைக்கு வந்து ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டார். ஆம்பளை தொண்டையில் அந்தக் குரல் வருமென்று அவருக்கும் முழுசாக நம்பிக்கையில்லை.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு கல்யாண மண்டபம். சாயங்காலம் ரிசப்ஷன். பெண் வீடு மயிலாப்பூர். மத்தியானமே தங்கவேலும் மற்றவர்களும் பெட்டிகளை இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். புருஷனுக்குச் சோறு கொண்டுவந்த சாக்கில் சுப்பம்மா உள்ளே நுழைந்தாள். கேமரா விஷயம் தங்கவேலுக்குத் தெரியாது. சொன்னால் அவன் பயத்தில் குரலே வராமல் உட்கார்ந்துவிடுவான்.

அவன் சாப்பிடும் நேரத்தில், பெட்டிக்குப் பின்னால் நூலின் ஒரு முனையை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுமுனையை நீட்டினாள். பிறகு மாளவிகா நிற்கிற இடத்துக்குப் போய் அங்கிருந்து நீட்டினாள். வெள்ளைச்சாமி, கீபோர்டுக்குப் பின்னாலிருந்து, தொப்பையைத் தடவிக்கொண்டே பார்த்தார்.

"என்னம்மா பண்ற?"

"கொடி கட்டலாமான்னு பாக்கறேன் மாஸ்டரு. எடம் நல்லா காத்தோட்டமா கீது."

"கல்யாண மண்டபத்துல துணி காயப் போடுவியா?"

"கேட்டுத் தான் போடுவேன்."

இரண்டு பக்கமிருந்து நீட்டியபோதும் நூல் ஒரே இடத்தில் போய் முட்டியது. மேடைக்குப் பக்கவாட்டில், சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில், ஒரு மேஜையின் நட்டநடுவில். அது பீடா ஸ்டால். பீடாக்காரர் அம்மாசி, அவள் குடிசை வரிசையில் கடைசி வீடு.

"அண்ணே, இன்னிக்கு உனக்கு ஒத்தாசைக்கு நான் நிக்கறேன்."

"உனக்குப் பீடா மடிக்கத் தெரியுமா?"

"சிமெண்ட் கலக்கத் தெரிஞ்சவளுக்குச் சுண்ணாம்பு தடவத் தெரியாதா?"

சாயங்காலம் மண்டபம் நிறைந்தது. மல்லிகைப்பூவும் சந்தனமும் நெய்யும் ஒன்றாய் மணத்தன. சுப்பம்மா இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வெற்றிலைக் கூடைக்கு முன்னால் நின்றாள். கேமரா ஈரத்துணிக்கு அடியில், வெற்றிலைக் கட்டுகளுக்கு நடுவே கிடந்தது. அம்மாசி வெற்றிலை எடுக்கக் கையை விட்டவர், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஐயய்யோ, இன்னாது தங்கச்சி? குண்டா?"

"சும்மா இருண்ணே. பாக்கு வெட்டற மிஷினு."

பாட்டுகள் ஓடின. ஒன்றிரண்டு தடவை கேமராவைத் துணிக்கடியிலிருந்து தூக்கிப் பார்த்தாள். நூல் பொய் சொல்லவில்லை. கறுப்புத் துணியின் பக்கவாட்டு இடுக்கில் தங்கவேல் தெரிந்தான். இருட்டு என்றாலும், மேடை விளக்கின் ஓரம் கொஞ்சம் வழிந்து அவன் கன்னத்தில் விழுந்தது. மாளவிகாவும் தெரிந்தாள். ஆனால் அவள் வாயசைப்பதில் கெட்டிக்காரி. தங்கவேல் வாய் திறந்தால் அவளும் திறந்தாள், மூடினால் மூடினாள். படம் எடுத்தால் இரண்டு பேரும் சேர்ந்து பாடுகிற மாதிரிதான் வரும். சுப்பம்மா கேமராவை மறுபடி துணிக்கடியில் தள்ளினாள்.

கொஞ்சம் ஓய்வு விட்டார்கள். மாளவிகா நேரே பீடா ஸ்டாலுக்கு வந்தாள்.

"அக்கா, ஒரு ஸ்வீட் பீடா குடுங்க. நல்லா பெருசா. நின்னு நின்னு கால் வலிக்குது."

சுப்பம்மாவின் தலைக்குள் ஒரு விளக்கு எரிந்தது. அம்மாசி தயாராக மடித்து வைத்திருந்ததை எடுக்கப் போனார். அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"இரு கண்ணு. உனக்குன்னு பிரெஸ்ஸா மடிக்கறேன்."

இரண்டு வெற்றிலையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். குல்கந்து போட்டாள். தேங்காய்த் துருவல், பேரீச்சை, கற்கண்டு, டூட்டி ஃப்ரூட்டி. பேரீச்சை இன்னொரு தடவை. அம்மாசி, "ஏ தங்கச்சி, அது பீடா, கொழுக்கட்ட இல்ல" என்று முனகினார். பச்சைக் குழந்தையின் கைமுஷ்டி அளவுக்கு ஒன்று உருவானது. மாளவிகா கண் விரியப் பார்த்துவிட்டு, அதை அப்படியே வாய்க்குள் தள்ளிக்கொண்டாள். கன்னம் உப்பியது.

அந்த நேரம் பார்த்து வெள்ளைச்சாமி மைக்கில் பேசினார். மாப்பிள்ளை வீட்டார் கேட்டுக்கொண்டதற்கிணங்க ஒரு விசேஷப் பாட்டு, பாடுபவர் மாளவிகா என்றார். கீபோர்டில் கையை வைத்தும் விட்டார். மாளவிகா கண்களை உருட்டினாள், கையை ஆட்டினாள். அவர் கவனிக்கவில்லை. ஓடிப்போய் மைக்கைப் பிடித்தாள். துப்புவதற்கு இடமில்லை, முன்வரிசையில் பட்டுச் சேலைகள். விழுங்குவதற்கு வழியில்லை, உள்ளே இருந்தது தொண்டையை விடப் பெரிசு. உதட்டை இறுக மூடிக்கொண்டு, சிரித்த முகமாக நின்றாள்.

பெட்டிக்குப் பின்னால் இருப்பவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? தங்கவேல் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை இழுத்து, உச்சத்தில் எடுத்தான். குரல் மண்டபம் பூராவும் பாகு மாதிரி இறங்கியது.

சுப்பம்மா கேமராவை எடுத்தாள். பல்லைக் கடித்தாள். டமால். ஒருத்தரும் திரும்பவில்லை. பிலிமைத் திருகினாள். மறுபடியும் டமால். இந்தத் தடவை ஒரு கண்ணாவது திறந்திருந்தது என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை.

வெள்ளைச்சாமி அப்போதுதான் அக்கா மகளைப் பார்த்தார். அவருடைய முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. கூட்டத்திலும் ஒரு சலசலப்பு எழுந்தது. சுப்பம்மா கேமராவைக் கீழே வைத்தாள். போட்டோ கூடத் தேவையில்லை, இதோ எல்லாரும் பார்த்துவிட்டார்கள், திருட்டு இப்போதே வெளியே வந்துவிடும்.

முன்வரிசையில் இருந்த கல்யாணப் பெண்ணின் மாமா, அம்பி என்று எல்லாரும் கூப்பிட்டவர், எழுந்தே விட்டார்.

"ஜலஜா, பாத்தியோ? அந்தப் பொண்ணு உதட்டையே அசைக்காம பாடறது!"

"ஆமான்னா, வாயே திறக்கல்லையே! எப்படின்னா?"

"வயித்துலேர்ந்து பாடறா. ஃபாரின்ல இதுக்குன்னே தனியாப் படிச்சிண்டு வருவா. நம்ம ஊர்ல ஒருத்தி பண்றாளே, ஆச்சரியமா இல்ல?"

வரிசை வரிசையாகச் செய்தி பின்னால் போனது. சாப்பாட்டுக் கூடத்திலிருந்து பாதி இலையில் எழுந்து வந்தார்கள். சமையல்காரர் கரண்டியோடு வந்தார். பாட்டு முடிந்தபோது எழுந்த கைத்தட்டலில் மண்டபம் அதிர்ந்தது. அம்பி மாமா தன் தோளில் கிடந்த ஜரிகைத் துண்டை எடுத்து மாளவிகாவுக்குப் போர்த்தினார். மாளவிகா உதட்டோரம் வழிந்த சிவப்பைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பினாள்.

பீடா ஸ்டாலில் சுப்பம்மா மிச்சமிருந்த தேங்காய்த் துருவல் மொத்தத்தையும் வாயில் அள்ளிப் போட்டு மென்றாள். கோபத்துக்கு வேறு எதுவும் கையில் கிடைக்கவில்லை.

வஹீத் இருட்டறையிலிருந்து ஈரம் காயாத படங்களோடு வெளியே வந்தார்.

"ஒண்ணுல மண்டபத்துக் கூரை வந்திருக்கு. ஃபேன் நல்லா தெளிவா கீது. இன்னொண்ணப் பாரு."

சுப்பம்மா பார்த்தாள். ஒரு பக்கம் மாளவிகா, விளக்கொளியில், கன்னத்தில் டென்னிஸ் பந்தை ஒளித்த மாதிரி, உதட்டைத் தைத்த மாதிரி. இன்னொரு பக்கம் கருகருவென்ற இருட்டு. இருட்டுக்குள்ளிருந்து பாதி முகம். வாய் அகலத் திறந்து, கழுத்து நரம்பு புடைத்து, புருவம் மேலே போய், ஒரு முகம். அவளுக்கு அது சட்டென்று தன் புருஷன் என்று தெரியவில்லை. வீட்டில் அவன் பாடும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு பாடுவான், வெட்கம். இத்தனை வருஷத்தில் அந்த முகத்தை அவள் பார்த்ததேயில்லை.

"இப்பிடியா இருப்பாரு இவரு?" என்றாள் மெதுவாக.

"உண்மையிலேயே அவரு தான் பாடுறாரும்மா" என்றார் வஹீத். "இந்த வாயில பொய் இல்ல."

மறுநாள் சாயங்காலம் படத்தை மடியில் கட்டிக்கொண்டு, மயிலாப்பூரில் வெள்ளைச்சாமி வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் டெலிபோனில் இருந்தார். "ஆமா சார், வாயே திறக்காது சார். அது பயிற்சி சார், தெய்வ அனுக்ரஹம்" என்று சொல்லிக்கொண்டே அவளை உட்காரச் சொல்லிக் கை காட்டினார். முகத்தில் அப்படி ஒரு செழிப்பு. போனை வைத்ததும் சுப்பம்மா படத்தை அவர் முன்னால் வைத்தாள். செழிப்பு இறங்கியது.

"இத யாரு எடுத்தது?"

"பீடாக்காரி."

"உனக்கு என்ன வேணும்?"

"எம் புருஷன் மேடையில நிக்கணும். வெளிச்சத்துல. கூட்டத்தப் பாத்துக்கினு பாடணும். இல்லன்னா இந்தப் படத்தப் பெருசு பண்ணி, உன் போஸ்டர் எங்கெங்க ஒட்டிக் கெடக்கோ அங்கெல்லாம் அது மேல ஒட்டுவேன். பசை காச்சறது எனக்குக் கைவந்த வேல."

வெள்ளைச்சாமி படத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தொப்பையைத் தடவினார். பிறகு சிரித்தார்.

"அதுக்கென்னம்மா? ஏத்திட்டாப் போச்சு. வர்ற ஆடித் திருவிழாவுக்கு உங்க ஆத்தங்கரைக் கோயில்லயே புரோகிராம் இருக்கு. அங்கயே ஏத்தறேன்."

இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்கிற ஆளை நம்பக் கூடாது என்று அவள் புத்திக்குத் தெரியும். ஆனால் புருஷனிடம் போய்ச் சொல்கிற அவசரத்தில் புத்தியை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

தங்கவேல் முதலில் நம்பவில்லை. அப்புறம் பயந்தான். "எல்லாரும் சிரிப்பாங்க சுப்பு" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "நெசமாவே எல்லார் மூஞ்சியும் தெரியுமா?" என்றான். அதற்கப்புறம் சட்டையை எடுத்துத் துவைக்கப் போட்டான்.

ஆடி ஞாயிறு, பொழுது சாயும் நேரம். கூழ் ஊற்றி முடிந்து, அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். அம்மன் கோயிலுக்கு எதிரே பலகை மேடை போட்டுக் கலர் பல்பு கட்டியிருந்தது. குடிசை வரிசை முழுக்க அங்கேதான். முன்னால் பெண்கள், தரையில் சாக்கு விரித்து. தமிழ்மொழி நடுநாயகமாகச் சப்பணமிட்டிருந்தாள்.

குழுவினர் மேடையில் ஏறினார்கள். மாளவிகா ஒரு மைக்கோடு நின்றாள். அவளுக்குப் பக்கத்தில், துவைத்த சட்டையில், இன்னொரு மைக்கோடு தங்கவேல். சுப்பம்மா பக்கத்தில் இருந்தவளின் விலாவில் இடித்து, "பாருடி, பாருடி" என்றாள்.

வெள்ளைச்சாமி கையில் மைக்கை எடுத்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! உதடு அசையாமல் பாடும் அதிசயப் பாடகி மாளவிகா இதோ! இன்றைக்கு ஒரு புது வேடிக்கை. மாளவிகா வாயை மூடிக்கொண்டு பாடுவார். அவருக்குப் பதிலாக, உங்க ஊர்த் தம்பி தங்கவேலு வாயை மட்டும் அசைப்பார். யார் பாடுவது என்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அசைப்பார். கை தட்டுங்க!"

சுப்பம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நின்றாள். "அடப் பாவி" என்றாள். அதற்குள் மேளம் ஆரம்பித்துவிட்டது. மேடையில் தங்கவேல் அவளைத் தேடினான், கண்டுபிடித்தான், என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்தான். பிறகு அவன் பார்வை அவளைவிட்டு நகர்ந்தது. முன்வரிசை, அதற்குப் பின்வரிசை, மரத்தில் ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் என்று ஒவ்வொரு முகமாகப் போனது. அவன் உச்சத்தில் எடுத்தான். கண்ணை மூடவில்லை. அப்படி ஒரு குரல் அவனிடமிருந்து அதற்கு முன் வந்ததில்லை என்று சுப்பம்மாவுக்கே தோன்றியது.

கூட்டம் சொக்கிப்போனது. சொக்கிப்போய், மாளவிகாவின் மூடிய உதட்டையே பார்த்தது.

தமிழ்மொழி திரும்பிச் சுப்பம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். கண்ணெல்லாம் ஈரம்.

"இன்னாடி இது! அந்தப் பொண்ணு அங்க பாடுது, உன் ஊட்டுக்காரன் எப்பிடி வாயசைக்கறான் பாரேன். அப்பிடியே அவன் பாடுற மாதிரியே கீது! இவ்ளோ தெறம இருக்கா இவனாண்ட?"

"பாடறதே அவரு தாண்டி!"

"போடி பீலா வுடாத. மாஸ்டரே சொல்லிட்டாரு."

பின்னாலிருந்து ஒருவன் விசிலடித்தான். "நைனா, வாயசைப்பு டாப்பு!" என்று கத்தினான். அதற்கும் கைத்தட்டினார்கள். வெள்ளைச்சாமி கீபோர்டுக்குப் பின்னாலிருந்து சுப்பம்மாவைப் பார்த்து, தொப்பையைத் தடவி, ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

அந்தச் சிமிட்டல்தான் தாங்கவில்லை. சுப்பம்மா சேலையை இழுத்துச் செருகினாள். சாக்குகளைத் தாண்டி, மடியில் கிடந்த பிள்ளைகளைத் தாண்டி, மிதிபட்டவர்களின் திட்டைத் தாண்டி, மேடை ஓரத்துக்கு வந்தாள். மேடை அவள் நெஞ்சு உயரம். தங்கவேல் விளிம்பிலேயே நின்று, தூரத்து முகங்களைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தான். பாட்டு மிக உயரமான இடத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவள் கையை நீட்டி, அவனுடைய கெண்டைக்காலை நல்ல இடமாகப் பார்த்துப் பிடித்து, செங்கல் தூக்கிக் காய்த்த இரண்டு விரலால், முழு பலத்தையும் போட்டுக் கிள்ளினாள்.

"ஐயோ! ஏய் சுப்பு! கிள்ளாதடி, வலிக்குது!"

தேனில் நனைத்த மாதிரி, கொலுசுச் சத்தம் மாதிரி, அந்தப் பெண் குரல் அத்தனை ஸ்பீக்கரிலும் கேட்டது. ஆற்றுக்கு அக்கரையிலும் கேட்டிருக்கும்.

மேளம் நின்றது. வெள்ளைச்சாமியின் விரல் கீபோர்டில் ஒரே கட்டையில் மாட்டிக்கொண்டு ஙொய்யென்று இழுத்தது. தங்கவேல் ஒற்றைக் காலில் நின்று கெண்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கூட்டம் அவனைப் பார்த்தது, மாளவிகாவைப் பார்த்தது, மறுபடி அவனைப் பார்த்தது. மாளவிகா எவ்வளவோ அடக்கிப் பார்த்தாள். முடியவில்லை. மைக்கில் வெடித்துச் சிரித்துவிட்டாள். தகரத்தில் ஆணி இழுத்த சிரிப்பு.

அப்புறம் முதல் ஆளாகத் தமிழ்மொழி எழுந்தாள். இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, ஆற்றங்கரையே அதிரும்படி கத்தினாள்.

"ஒன்ஸ் மோர்!"

மரத்தில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பின்வரிசை பிடித்துக்கொண்டது. "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!" பாட்டைத்தான் கேட்கிறார்களா, கிள்ளலைத்தான் கேட்கிறார்களா என்று தங்கவேலுக்குப் புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று காலை விளிம்பிலிருந்து உள்ளே இழுத்துக்கொண்டு, அத்தனை முகத்தையும் ஒரு தடவை பார்த்துச் சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து எடுத்தான்.